உயிர்த்தெழுதல் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈஸ்டரை ஒட்டி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே பொருளைச் சுற்றி வந்திருப்பதால், இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் தருகிறேன்.

கேள்வி: ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் நண்பர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் மலைப்பிரசங்கத்தை என்னைவிட நன்றாகப் படித்தவர். "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்னவர் மூன்றாம் நாள் எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன? அந்த வாக்கியத்தின் மதிப்பு அதனால் குறைந்துவிடுமா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (வாசகர், திருப்பூர்)

பதில்: குறையாது, தம்பி. அதை முதலில் அவரிடம் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். மலைப்பிரசங்கம் நேராகத் தம் இதயத்துக்குள் சென்றது என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை, ஆனாலும் அந்தப் போதனையின்படி நடந்து பார்க்க நம்மில் பலரைவிட அதிகமாகப் பாடுபட்டார். ஆகவே உயிர்த்தெழுதலை நம்பாதவர்களுக்கு இயேசுவின் வார்த்தைகளால் பயன் இல்லை என்று நாம் வாதாடப் போனால், தோற்பதோடு பொய்யும் சொன்னவர்கள் ஆவோம்.

ஆனால் உங்கள் நண்பர் கேட்பது புதிய கேள்வியும் அன்று. அமெரிக்காவின் 3-ஆவது குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், முதுமையில், 1820-ஐ ஒட்டி, சுவிசேஷப் புத்தகங்களைக் கத்தியால் நறுக்கி, அற்புதங்களை ஒதுக்கிவிட்டு, போதனைகளையும் வாழ்க்கை நிகழ்ச்சிகளையும் மட்டும் ஒட்டித் தமக்கென ஒரு நூல் செய்துகொண்டார். அந்த நூல் எந்த இடத்தில் முடிகிறது என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். இயேசுவைக் கல்லறையில் வைத்து, வாசலில் ஒரு பெரிய கல்லைப் புரட்டிவைத்துவிட்டு, எல்லோரும் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் அதில் ஒரு வரியும் இல்லை. போதனை மட்டும் போதும் என்று தொடங்குகிறவர், நேர்மையானவராக இருந்தால், அந்தக் கல்லண்டைதான் நூலை முடிக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கல் அங்கேயே இருந்திருந்தால் சீஷர்கள் எந்த நிலையில் இருந்திருப்பார்கள் என்பதற்கு லூக்கா ஒரு சொல்லை வைத்திருக்கிறார். எம்மாவு என்ற ஊருக்குப் போகிற வழியில் இரண்டு பேர், தங்களோடு நடந்து வருகிறவர் யார் என்று அறியாமல், "அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்கிறார்கள். நம்புகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நம்பியிருந்தோம் என்கிறார்கள், இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பேசுகிற காலத்தில் அந்த வினைச்சொல் நிற்கிறது. இத்தனைக்கும் மலைப்பிரசங்கம் அவர்களுக்கு மறந்துபோயிருக்காது. போதனை அப்படியே கையில் இருந்தும் நம்பிக்கை போய்விட்டது என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது.

ஏன் போயிற்று? இயேசு போதகர் மட்டும் என்றால் போயிருக்காது. போதகர்கள் இறந்தபின் அவர்களுடைய சீடர்கள் பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார்கள். யூதரிடத்திலும் கிரேக்கரிடத்திலும் அதுவே வழக்கம். ஆனால் இவர் திமிர்வாதக்காரனைப் பார்த்து "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்றவர். தேவனுடைய ராஜ்யம் தம்மோடு வந்திருக்கிறது என்றவர். அப்படிச் சொன்னவரை யூதரின் ஆலோசனைச் சங்கம் தேவதூஷணம் என்று தீர்த்தது. ரோமத் தேசாதிபதி மரத்தில் அறையச் சொன்னான். மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21-ஆம் அதிகாரத்தில் எழுதியிருந்ததால், யூதர் ஒருவருக்கு அந்தச் சாவே ஒரு தீர்ப்பாகப் பட்டிருக்கும். மனிதர் மட்டுமல்ல, தேவனும் இவரைக் கைவிட்டார் என்பதே அதன் பொருள்.

இதனால்தான் அப்போஸ்தலருடைய நடபடிகளில் பேதுருவின் பிரசங்கங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வியப்பு ஏற்படும். அவற்றில் மலைப்பிரசங்கம் இல்லை, உவமைகள் இல்லை. "ஜீவாதிபதியைக் கொலைசெய்தீர்கள், அவரைத் தேவன் மரித்தோரிலிருந்து எழுப்பினார்" என்ற ஒரே செய்தி 2, 3, 4, 5-ஆம் அதிகாரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் பக்கத்தில் காணி வழக்கை முன்சீப் கோர்ட்டில் தோற்று, மேல்முறையீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இந்த மொழி உடனே விளங்கும். கீழே ஒரு தீர்ப்பு ஆகிவிட்டது. அதை மேலே இருக்கிறவர் தள்ளிவிட்டார். உயிர்த்தெழுதல் என்பது, சிலுவையில் அறையப்பட்ட அந்த மனிதரைக் குறித்துத் தேவன் சொன்ன தீர்ப்பு. அது வராதிருந்தால் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பே நின்றிருக்கும். அவர் சொன்ன பாவமன்னிப்பும், உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரம்போல, யாருக்கும் செல்லாமல் போயிருக்கும். "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்று பவுல் எழுதியதன் அடியில் இருக்கும் கணக்கு இதுதான். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு அந்த வாக்கியத்தின் கறார் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் அடக்க ஆராதனையில் மட்டும் வாசிப்பதால், அதில் உள்ள வாதத்தை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. கொரிந்து சபையார் இயேசு எழுந்ததை மறுக்கவில்லை. மரித்தோர் எழுந்திருப்பதில்லை என்று அவர்களில் சிலர் சொன்னார்கள். அதாவது இயேசுவுக்கு நடந்தது அவரோடு முடிந்த ஒரு தனி அற்புதம் என்று எண்ணினார்கள். பவுல் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை என்று பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வருகிறார். அவரை "நித்திரையடைந்தவர்களில் முதற்பலன்" என்று சொல்வது அதனால்தான்.

நிலக்கடலைக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு முதற்பலன் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. என் அப்புச்சி, விதைத்து நூறு நாள் ஆகும் சமயத்தில், காட்டின் நடுவே போய் ஒரு செடியை மட்டும் பிடுங்குவார். மண்ணை உதறி, காய்களை ஆய்ந்து உள்ளங்கையில் வைத்து எண்ணுவார். பிறகு ஒரு காயை உடைத்து, பருப்பைப் பார்க்காமல், ஓட்டின் உட்புறத்தைப் பார்ப்பார். அது கறுத்திருந்தால் காடு முழுவதும் முற்றிவிட்டது. மறுநாள் ஆள் சொல்லிவிடுவார். அவர் கையில் இருந்தது ஒரே செடிதான். அவர் அறிந்துகொண்டதோ காடு முழுவதையும். லேவியராகமம் 23-இல், அறுப்பின் முதற்கதிர்க்கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாளில் ஆசாரியன் அசைவாட்ட வேண்டும் என்றிருக்கிறது. ஓய்வுநாளுக்கு மறுநாள் கல்லறை திறந்திருந்ததைப் பவுல் அதனோடு சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். பிடுங்கப்பட்ட ஒரு செடியிலிருந்து காட்டை அறிவதைப்போல, எழுந்த ஒருவரிலிருந்து தன் எதிர்காலத்தைச் சபை அறிகிறது. இந்த இணைப்பு அறுந்தால் ஈஸ்டர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றின் கடைசிப் பக்கம் மட்டுமே. நமக்கும் அதற்கும் உறவு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கிறிஸ்தவம் ஒருவேளை பொய்யாகவே இருந்தாலும் நல்லவர்களாக வாழ்ந்த லாபம் நமக்கு உண்டு" என்று நம் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பவுல் இந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள மாட்டார். இம்மைக்காக மட்டும் என்றால் நாம் எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் என்கிறார். "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்று இருந்துவிடலாம் என்கிறார். இதை எழுதியது எபேசுவிலிருந்து, கி.பி. 55-ஐ ஒட்டி, சிலுவை நிகழ்ந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குள். உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது போன்ற தொனி அது.

இனி உங்கள் நண்பருடைய வாக்கியத்துக்கே திரும்பி வருகிறேன். சத்துருவைச் சிநேகித்தவரைச் சத்துருக்கள் கொன்றார்கள். கதை அத்தோடு முடிந்தது என்றால், அந்த வாக்கியம் இனியும் உயர்ந்த வாக்கியம்தான். ஆனால் உலகம் அதன்படி அமைந்ததன்று என்பதற்கு அதைச் சொன்னவருடைய சாவே சாட்சியாக இருக்கும். தேவன் எழுப்பியது அப்படிச் சிநேகித்தவரைத்தான் என்பதால், நாம் அதை ஓர் இலட்சியமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், இந்தப் பிரபஞ்சம் கடைசியில் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லும் வாக்கியமாக எடுத்துக்கொள்கிறோம். நண்பர் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கல்லறையில் இருந்தது ஒரு தூதனா, இரண்டா? போன பெண்கள் எத்தனை பேர்? நான்கு சுவிசேஷங்களும் நான்கு விதமாகச் சொல்கின்றனவே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: பிள்ளைகள் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள், டீச்சரம்மா, அவர்களைப் பாராட்டுங்கள். மத்தேயுவில் ஒரு தூதன் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறான். மாற்குவில் வெள்ளையங்கி தரித்த ஒரு வாலிபன் உள்ளே இருக்கிறான். லூக்காவில் இரண்டு பேர். யோவானில் இரண்டு தூதர்கள். பெண்களோ, மத்தேயுவில் இருவர், மாற்குவில் மூவர், லூக்காவில் அதற்கும் மேல், யோவானில் மகதலேனா மரியாள் ஒருத்தி மட்டும். ஆனால் அந்த ஒருத்தியே ஓடிவந்து பேதுருவிடம் சொல்லும்போது, அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை என்று பன்மையில் பேசுகிறாள். கவனித்துப் படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு நல்ல கண்டுபிடிப்பாக இருக்கும்.

இந்த வேறுபாடுகளை எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தப் பெரும் உழைப்பைச் செலவிட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் அதிக விருப்பம் இல்லை. கூட்டம் போட்டுப் பேசி வைத்த சாட்சிகள் இவ்வளவு இசகுபிசகாகச் சொல்ல மாட்டார்கள். நால்வரும் ஒத்துப்போகிற இடங்கள் முக்கியமானவை: வாரத்தின் முதல் நாள், விடியற்காலம், கல் புரட்டப்பட்டிருந்தது, முதலில் போனவர்கள் பெண்கள்.

அந்தக் கடைசி விவரத்தில்தான் வகுப்பில் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காலத்து யூத நியாயமன்றங்களில் பெண்களின் சாட்சி ஏற்கப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். பெண்கள் சொன்னதைக் கேட்ட அப்போஸ்தலர்களுக்கே அது "வீண்பேச்சாகத்" தோன்றியது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். 2-ஆம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற அறிஞர், பித்துப்பிடித்த ஒரு பெண் சொன்னதை நம்பினவர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கேலி செய்தார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று பவுல் தரும் பட்டியலிலும் பெண்களின் பெயர்கள் இல்லை. கதையைக் கட்டுகிறவர், ஊரார் நம்புகிற ஆண்கள் இரண்டு பேரை முதலில் அனுப்பியிருப்பார். சுவிசேஷகர்கள் பெண்களையே எழுதிவைத்தார்கள் என்றால், நடந்தது அப்படி என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கூடவே ஒன்று: இயேசு எழுந்த கணத்தை நான்கு பேரில் ஒருவரும் விவரிக்கவில்லை. நம் ஞாயிறு பள்ளிப் படங்களில் ஒளியோடு வெளியே வருவதாக வரைந்திருப்பது ஓவியருடைய கற்பனை. சுவிசேஷங்களில் காலியான இடம் இருக்கிறது, சுருட்டித் தனியே வைக்கப்பட்ட தலைச்சீலை இருக்கிறது, தோட்டக்காரர் என்று எண்ணப்பட்டவர் "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சபையில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பவனி, விருந்து என்று ஒரு மாதம் கொண்டாட்டம், ஈஸ்டருக்கு அதிகாலை ஆராதனை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறோம். இரண்டில் எது பெரிய பண்டிகை? (வாசகர், அவிநாசி)

பதில்: ஈஸ்டர். டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் கொண்டாடியதற்கு 4-ஆம் நூற்றாண்டு ரோமாபுரியிலிருந்துதான் தெளிவான சான்று கிடைக்கிறது. உயிர்த்தெழுதலின் நாளையோ, சபை தொடக்கத்திலிருந்தே வாரந்தோறும் ஆசரித்தது. யூதர்களாகிய முதல் கிறிஸ்தவர்கள், தலைமுறை தலைமுறையாய்ச் சனிக்கிழமையைப் பரிசுத்தமாகக் காத்தவர்கள், வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்பதே அதற்கு அத்தாட்சி. விருந்து வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; நாற்பது நாள் லெந்து நோன்புக்குப் பிறகு பிரியாணிக்கு நியாயம் அதிகம்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் மறுபிறப்பை நம்புகிறவர்கள். "நீங்களும் நாங்களும் சொல்வது ஒன்றுதானே" என்கிறார்கள். எங்கள் சபைக்கு வந்த ஒரு பிரசங்கியாரோ, காய்ந்த புல் மழைக்குத் துளிர்ப்பதே உயிர்த்தெழுதல் என்றார். இரண்டும் சரியா? (வாசகி, காங்கேயம்)

பதில்: இரண்டும் சரியல்ல, பிரசங்கியாருடையதை முதலில் பார்ப்போம். மேய்ச்சல் நிலமாகிய கொறங்காட்டைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் சித்திரையில் வைக்கோல் நிறமாகி, மிதித்தால் நொறுங்கும். ஒரு நல்ல மழை விழுந்த சில நாட்களில் அடியிலிருந்து பச்சை கிளம்பும். கண்ணுக்கு அழகான காட்சிதான். ஆனால் அந்தப் புல் சாகவில்லை. அதன் வேர்த்தூர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. செத்திருந்தால் எத்தனை மழை பெய்தாலும் துளிர்க்காது என்பது மாடு வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். இயற்கையில் வசந்தம் வருவதுபோல் இதுவும் வரும் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை அன்று. இயேசு மெய்யாகவே மரித்தார், அவருக்குள் துளிர்ப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை, எழுப்பியவர் தேவன். பவுல் விதையை உவமையாக்கும்போதுகூட, விதைக்கும் தானியத்துக்கும் முளைத்து வரும் பயிருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவே அதைச் சொல்கிறார். தேவன் தமது சித்தத்தின்படியே அதற்கு மேனியைக் கொடுக்கிறார் என்று உடனே சேர்த்துவிடுகிறார்.

லாசருவையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லாசரு, யவீருவின் மகள், நாயீன் ஊர் விதவையின் மகன் ஆகிய மூவரும் பழைய வாழ்வுக்குத் திரும்பினார்கள். பிறகு ஒருநாள் மறுபடியும் இறந்திருப்பார்கள். கிறிஸ்து இனி மரிப்பதில்லை என்று ரோமர் 6 சொல்கிறது. அவர் பின்னால் திரும்பி வரவில்லை. சாவைக் கடந்து அப்பால் போனார்.

மறுபிறப்பைப் பற்றி உங்கள் தெருவாரோடு மரியாதையாகப் பேசுங்கள்; அது ஆழமான சிந்தனை. "உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு" என்று வள்ளுவர் சொல்கிறார். நாமும் நம் மரண அறிவிப்புகளில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றுதான் அச்சிடுகிறோம். உறக்கம் என்ற உவமை இரு பக்கமும் ஒன்றுதான். விழிப்பில்தான் வேறுபாடு. அங்கே விழிப்பது வேறோர் உடலில், வேறொரு பெயரில், பழையது நினைவில் இல்லாத ஒரு பிறவி. இங்கே விழிக்கிறவர் உறங்கப்போன அதே ஆள். எழுந்த இயேசு சீஷர்களிடம் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். ஆணித் தழும்புகள் மறையவில்லை. பொரித்த மீன்கண்டத்தை வாங்கி அவர்களுக்கு முன்பாகப் புசித்தார்.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் எனக்குத் தெருவாரைவிட நம் சபையாரைப் பற்றித்தான் கவலை அதிகம். "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே" என்பது அதற்கு முந்தைய குறள். முட்டையை விட்டுப் பறவை பறந்துபோவதைப்போல உயிர் உடம்பை விட்டுப் போகிறது. நம் இழவு வீடுகளில் பேசப்படுவதைக் கேளுங்கள்: "ஆத்துமா மோட்சத்துக்குப் போய்விட்டது, இது வெறும் கூடு" என்று ஆறுதல் சொல்கிறோம். ஞாயிறுதோறும் எழுந்து நின்று, விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" உண்டென்று விசுவாசிக்கிறேன் என்று சொல்கிற அதே வாய்தான் அப்படியும் சொல்கிறது. ஆத்துமா தப்பித்துப் போவதுதான் நம்பிக்கை என்றால் அந்த வரிக்குத் தேவை இல்லை. இயேசுவின் கல்லறை காலியாக வேண்டிய அவசியமும் இல்லை. உடம்பைப் படைத்தவர் அதைக் கைவிட மாட்டார் என்று நம்புகிறவர்களுக்குத்தான், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைத் துடைத்துவிடுவதும், அவருக்குப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதும் தேவனுடைய வேலையாகத் தெரியும்.

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு இறந்தார். எங்கள் திருமணத்துக்குப் பின் ஞானஸ்நானம் பெற்றவர். என் மூத்தார்கள் இருவரும் தங்கள் வழக்கப்படி மின்மயானத்தில் தகனம் செய்து, சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டார்கள். அன்று நான் எதையும் தடுத்துப் பேசும் நிலையில் இல்லை. இப்போது ஜெபக்கூட்டத்தில் ஓர் அக்கா, "எலும்புகூட இல்லாமல் எப்படி எழுந்திருப்பார்?" என்கிறார். ஈஸ்டர் விடியற்காலையில் எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். எனக்குப் போக ஓர் இடம் இல்லை. (வாசகி, ஈரோடு)

பதில்: அம்மா, அந்த அக்கா சொன்னது தவறு. அவர் மனம் வருந்தும் என்று இதை நான் மழுப்பப் போவதில்லை.

உங்களுக்கு நேர்ந்தது சபைக்குப் புதிதன்று. கி.பி. 177-இல், இன்றைய பிரான்சு நாட்டில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் பலரைக் கொன்றார்கள். உடல்களை அடக்கம் செய்யக் கேட்டுக் கெஞ்சியும் கொடுக்கவில்லை. ஆறு நாள் வெளியில் கிடத்தி, பிறகு எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை ரோன் நதியில் கொட்டினார்கள். காரணம், உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையில்தான் இவர்கள் சாவுக்கு அஞ்சாமல் இருக்கிறார்கள், இப்போது எழுந்திருக்கிறார்களா பார்ப்போம் என்பது. தப்பிய கிறிஸ்தவர்கள் ஆசியாவிலும் பிரிகியாவிலும் இருந்த சபைகளுக்கு இதை எல்லாம் கடிதமாக எழுதினார்கள். 4-ஆம் நூற்றாண்டில் யூசேபியஸ் அதைத் தம் சபை வரலாற்றில் எடுத்து எழுதியதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அடக்கம் செய்ய முடியாததற்காக அவர்கள் அழுதிருக்கிறார்கள். ஆனால் தங்கள் சகோதரர்கள் எழமாட்டார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. ஆற்றில் போன சாம்பலுக்குத் தேவன் தோற்றுவிடுவார் என்று நினைத்தவர்கள் எரித்தவர்கள்தான்.

ஒரு வேறுபாட்டையும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோன் நதியில் கொட்டியவர்கள் பகையால் கொட்டினார்கள். உங்கள் மூத்தார்கள், கூடப் பிறந்தவனுக்குத் தங்களுக்குத் தெரிந்த கடைசி மரியாதையைச் செய்தார்கள். அவர்கள்மேல் உங்களுக்கு வருத்தம் இருந்தால் அது இயல்புதான். ஆனால் உங்கள் கணவருக்கு அவர்கள் கேடு செய்துவிட்டார்கள் என்ற பயம் மட்டும் வேண்டாம்.

எந்தச் சபையின் விசுவாசப் பிரமாணமும் அடக்கம் செய்யப்பட்டவர்கள் மட்டும் எழுவார்கள் என்று சொல்லவில்லை. கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்வதற்குக் காரணம் உண்டு. கர்த்தர் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும், விதைப்பதைப்போல் உடலை மண்ணுக்கு ஒப்புக்கொடுப்பது நம் நம்பிக்கைக்குப் பொருத்தமான செயல் என்பதும்தான் அது. முற்காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் மினூசியஸ் பெலிக்ஸ், தகனத்தால் எங்களுக்கு நஷ்டம் வரும் என்று அஞ்சவில்லை, அடக்கம் செய்வது பழமையான, மேலான வழக்கம் என்பதால் அதைக் கைக்கொள்கிறோம் என்று எழுதினார். கத்தோலிக்க சபை நெடுங்காலம் தகனத்தைத் தடுத்துவந்து 1963-இல் அனுமதித்தது. அடக்கமே சிறந்தது என்று இன்றும் சொல்கிறது, 2016-இல் வந்த அறிக்கையில் சாம்பலைத் தூவக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அது உயிரோடு இருக்கிற நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய ஒழுங்கு. தேவனால் எது முடியும், எது முடியாது என்பதைப் பற்றியதன்று. எலும்புதான் வேண்டும் என்றால், கல்லறைத் தோட்டத்தில் நூறு ஆண்டுக்கு முந்திய வரிசையைத் தோண்டிப் பார்க்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? பல குடும்பக் கல்லறைகளில் தாத்தாவை எடுத்துவிட்டுத்தான் பேரனை வைக்கிறோம். வெளிப்படுத்தின விசேஷம் 20-இல் "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்றிருக்கிறது. கூடுதுறையில் கலந்த காவிரியும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது.

ஈஸ்டர் விடியற்காலையில் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரோடும் கல்லறைத் தோட்டத்துக்கே போங்கள். அங்கே உங்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் ஈஸ்டர் அன்று சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு போன பெண்களுக்கும் அங்கே உடல் கிடைக்கவில்லை. உங்கள் பெற்றோரோ, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகரோ அங்கே இருந்தால் அவர்கள் கல்லறையண்டை மெழுகுவர்த்தியை வையுங்கள். இல்லாவிட்டால் வாசலிலேயே வையுங்கள்.

இன்னொரு காரியமும் செய்யலாம். பல சபைகளில், அந்த ஆண்டில் நித்திரையடைந்தவர்களின் பெயர்களை அன்றைய அதிகாலை ஆராதனையில் வாசிக்கிறார்கள். அடக்கப் பதிவேட்டைப் பார்த்து அந்தப் பட்டியலைத் தயாரிப்பதால், சபையின் கல்லறையில் அடக்கம் செய்யப்படாதவர்களின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். உங்கள் கணவரின் பெயரையும் அவர் ஞானஸ்நானம் பெற்ற தேதியையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் போதகரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பரிசுத்த வாரம் தொடங்கிவிட்டால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.